பழைய வெர்ஷன்காரி

துடைப்பம் பட்டுக் கம்ப்யூட்டரின் ஒயர் கழன்று விழுந்தது. திரை இருண்டுபோனது. ஆபீஸ் கூட்டுகிற அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு அணைச்சது?" என்றார்.

"நான்தான் சார். ரொம்ப நேரமா சுத்திக்கிட்டே நின்னுச்சு," என்றாள், அந்த மேசையில் கட்டட வரைபடம் போடுகிறவள். குனிந்து ஒயரைச் செருகினாள். அக்காவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவள் மேசையை அக்கா கடைசியில்தான் கூட்டுவாள்; நின்று பேசலாமே. ஆபீசில் அந்த வரைகிறவளுக்குப் பெயர் 'பழசு'. வயதுக்காக இல்லை. வரைகிற சாஃப்ட்வேரில் எல்லாரும் புது வெர்ஷனுக்குப் போன பிறகும், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை மட்டும் அவள் பழையதிலேயே வரைந்துகொண்டிருந்தாள். அதைக் கட்டுகிற கம்பெனியிடம் பழையதுதான் இருந்தது. அந்த ஃபைலைப் புதியதில் திறந்து சேமித்துவிட்டால் போச்சு, திரும்பப் பழையதில் திறக்காது. "ஏறத்தான் படி இருக்குக்கா. இறங்க இல்ல," என்பாள்.

அவள் கம்ப்யூட்டரில் இரண்டு வெர்ஷனும் இருந்தன. ஃபைலை நேராகத் தட்டினால் அது தன் இஷ்டத்துக்குப் புதியதில் போய்த் திறக்கும். அதனால் பழைய வெர்ஷனை முதலில் திறந்து, அதற்குள்ளிருந்துதான் ஃபைலைக் கூப்பிடுவாள்.

"என்னம்மா, சாமி கும்பிடுற மாதிரி பண்றே."

"சாமியாவது மன்னிக்கும்க்கா."

அவள் மகள் வேறு ஊரில், தங்கை வீட்டில் வளர்ந்தாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் அந்த ஊர்க் கிளைக்கே மாற்றிவிடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். முடியும் தறுவாய். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. "இந்தத் தடவ நெஜமாவாம்மா?" என்று மகள் போனில் கேட்டபடியே இருந்தாள்.

அவள் சாப்பிடப் போன நேரம், வந்திருந்த விருந்தாளிக்குக் கட்டடத்தைக் காட்ட முதலாளி அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபைலை நேராக இரண்டு தட்டுத் தட்டினார்.

"சார், அவங்க அப்படித் திறக்க மாட்டாங்க," என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா.

"நீ தரையைப் பாரும்மா."

கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது, சரி என்றார். மூடும்போது சேமிக்கட்டுமா என்றது, அதற்கும் சரி.

அவள் வந்து பழையதில் கூப்பிட்டாள். ஃபைல் வரவில்லை. இடத்தை அடைக்கிறது என்று நகல்களை முதலாளி முன்பே அழிக்கச் சொல்லியிருந்தார். மிஞ்சியது ஒன்றே ஒன்று, மாடியின் வரைபடம் முழுக்க மாறுவதற்கு முந்தையது.

"மறுபடி போட்டுடும்மா. உன்னை விட்டா பழசுல யாரு இருக்கா?"

"மாற்றல், சார்?"

"இது முடியட்டும்."

போட்டாள். முடிவதற்குள் ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னொரு மாடி கேட்டார்கள். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. மகள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஆபீசை விட்டுப் போனது அக்காதான். மகன் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். கடைசி நாள் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு வந்து, "உனக்காக வேண்டிக்கிறேம்மா," என்றாள்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள்.

"போறப்ப இந்த ஒயரை ஒரு தட்டு தட்டிட்டுப் போங்கக்கா. யாரு அணைச்சதுன்னு கேட்டா, நான்தான்னு சொல்லிக்கிறேன்."