வெள்ளாற்றங்கரையில் முதல் கல்

தை பிறந்து ஒரு வாரம் கழித்துப் போனோம். போனது நானும் என் வீட்டுக்காரரும். அவருக்குக் கோயில், எனக்கு ஆறு. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் ஒப்பந்தம். ஒரு நாள் அவர் பின்னால் நான் பிராகாரம் சுற்றுவேன். மறுநாள் என் பின்னால் அவர் செய்தித்தாளோடு கரையில் உட்கார்ந்திருப்பார். மீன் வாசனையே அவருக்கு ஆகாது. இருந்தும் என் தூண்டில் பையை அவர்தான் தூக்கி வருவார்.

சேலத்தில் காலை ஐந்து மணிப் பேருந்து. ஆத்தூர், விருத்தாசலம், வடலூர் வழியாகக் கடலூருக்கு ஐந்தரை மணி நேரம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் திருவந்திபுரம். மலைப்படி ஏறி இறங்கியதும் கெடில ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “இது கோயில் கணக்கு, கையை வைக்காதே” என்றார் அவர். நான் பையைத் தொடவே இல்லை, சத்தியமாக. சாயங்காலம் சிதம்பரம் போய்ச் சேர்ந்து, கீழவீதி பக்கம் அறை எடுத்தோம். வாடகை ஆயிரத்து இருநூறு. கொசுவலை கேட்டால் தருகிறார்கள், கேளுங்கள்.

மறுநாள் காலை நடராஜர் தரிசனம், இட்லியும் கொத்சும், ஒரு குட்டித் தூக்கம். இரண்டு மணிக்கு ஆட்டோ. ஓட்டியவர் பெயர் குமார். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரம் ரூபாய் பேசினோம். இருபது கிலோமீட்டருக்குள்தான் வரும். பரங்கிப்பேட்டைக்குச் சற்று முன்னால், வெள்ளாறு கடலைத் தொடப்போகும் இடம். சரியான இடத்தை எழுத வேண்டாம் என்று அங்கே இருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை. போகிறவர்கள் விசாரித்தால் கிடைக்கும்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் நேராகக் கரைக்குப் போனேன். மழைக்காலத்துச் செம்மண் நிறம் போய், ஆறு தெளிந்து அகலமாகக் கிடந்தது. அக்கரைத் தென்னைகள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. எங்கே ஆறு முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். கரையோரம் பழைய படித்துறை ஒன்று இடிந்து, ஐந்து கருங்கற்கள் மட்டும் வரிசையாகத் தண்ணீரில் காலை நீட்டிக்கொண்டிருந்தன. ஒருவருமில்லை. கடல் பக்கத்துக் கடைசிக் கல்லுக்கு முன்னால் தண்ணீர் சுழித்து ஆழமாகப் போவதைப் பார்த்ததுமே, என் இடம் இதுதான் என்று தீர்மானித்துவிட்டேன். கடலிலிருந்து தண்ணீர் ஏறும்போது மீனும் கூடவே வரும். முதலில் கடப்பது அந்தக் கல்லைத்தான்.

அரை மணி நேரம் நானும் ஆறும் மட்டும். தூண்டிலின் மிதப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அது நிற்கிறதா, நாம் மிதக்கிறோமா என்றே தெரியாமல் போகும். தூண்டில் போடுபவர்களுக்கு இது புரியும், மற்றவர்கள் மன்னிக்கவும்.

மூன்று மணி வாக்கில் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தவர் ராஜேந்திரன், பள்ளி வேன் ஓட்டுபவர். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். பிறகு வணக்கம் சொல்லிவிட்டு என் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். அடுத்து செல்போன் கடைக்காரர், அதற்கடுத்து வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர். கடைசியாக முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவன் வேகவேகமாக வந்தான். பிரபு என்று அழைத்தார்கள். அவனும் என் கல்லைப் பார்த்தான். நிலப்பக்கம் மிச்சமிருந்த ஐந்தாவது கல்லுக்குப் போய்விட்டான்.

அவர்களுக்குள் ஏதோ பார்வை ஓடியது. செல்போன் கடைக்காரர் மெல்ல ஆரம்பித்தார். “அக்கா, அங்க வெயிலு ஜாஸ்தியா அடிக்குமே. இந்தாண்ட நெழலா இருக்கும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காவிரியிலும் பவானியிலும் எத்தனை கரைகளில் பார்த்திருக்கிறேன். பெண் ஒருத்தி நல்ல இடத்தில் உட்கார்ந்தால் போதும். வெயில், வழுக்கல், பாம்பு என்று ஆளாளுக்கு அக்கறை பொங்கும். “வெயில் எனக்குப் பழக்கம்தாங்க” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன். ராஜேந்திரன் அவரை அதட்டினார். “உடுப்பா. கல்லுல ஒக்காந்தவங்கள அப்பிடில்லாம் கேக்கக் கூடாது.” அதோடு பேச்சு நின்றது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. என்னிடம் இருந்தது சந்தையில் வாங்கிய செத்த இறால். ராஜேந்திரன் தன் டப்பாவிலிருந்து உயிர் இறால் நாலைந்து எடுத்துக் கொடுத்தார். “இது போடுங்க. கொடுவா மீனு செத்தத தின்னாது.” கோபப்படத் தயாராக இருந்த ஆளுக்கு இது பெரிய இடைஞ்சல்.

நண்பகலிலிருந்தே மெல்ல ஏறிக்கொண்டிருந்த தண்ணீர், நாலு மணிக்கு மேல் நன்றாகவே ஏறத் தொடங்கியது. கடல் ஆற்றுக்குள் நடந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். சத்தமே இருக்காது. கல்லில் ஒரு விரற்கடை நனையும், பிறகு இன்னொன்று. வெயில் மஞ்சளானது. என் வீட்டுக்காரர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிப்போனார். அப்போது என் மிதப்பு சட்டென்று காணாமல் போனது.

ராடு வளைந்ததும் நான் கவனித்தது மீனை அல்ல. மற்ற நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து தங்கள் தூண்டிலைச் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, கேட்கவில்லை. என் மீன் எந்தப் பக்கம் ஓடினாலும் யாருடைய தூண்டில் நரம்பிலும் சிக்காது. ஆறு முழுக்க என் ஒருத்தியின் தூண்டில்தான். இத்தனை வருடங்களில் எனக்கு இப்படி வழிவிட்டவர்கள் கிடையாது. கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

ஐந்தாவது கல்லிலிருந்து பிரபு கைவலையோடு ஓடி வந்து, பேன்ட் நனையத் தண்ணீரில் இறங்கினான். “இழுக்காதீங்கக்கா, உடுங்க, உடுங்க, ஓடட்டும். இப்ப... இப்ப இழுங்க!” ஒரு முழத்துக்கு மேல் நீளமான கொடுவா. வெள்ளியைத் தேய்த்து வைத்த மாதிரி மின்னியது. அதைக் கையில் ஏந்தி ஒரு கணம் பார்த்தான். “மொதக் கல்லு மொதக் கல்லுதான்” என்று சிரித்துக்கொண்டே என்னிடம் கொடுத்துவிட்டு, ஈரக் காலோடு தன் கல்லுக்கே திரும்பிப் போனான்.

பெருமை பிடிபடாமல், தாகத்துக்குத் தண்ணீர் எடுக்க ஆட்டோவுக்குப் போனேன். ராஜேந்திரன் என் கல்லைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். குமார் ஹேண்டில்பாரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீனைப் பற்றி நான் அளந்ததையெல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“நல்ல மீனுக்கா. வலைய புடிச்சான் பாருங்க, பிரபு, அவன் எம் மச்சான். வீட்டம்மாவோட தம்பி. காலைல மஸ்கட்டு கெளம்புறான். ரெண்டு வருஷம் ஒப்பந்தம். இத்தன வருஷமா இங்க ஒக்காருறான், ஒரு கொடுவா மாட்டல. எல்லாருக்கும் மாட்டிருக்கு, அவனுக்குத்தான் இல்ல. இன்னிக்கு அவன் மொதக் கல்லுல ஒக்காரட்டும்னுதான் இவுங்க எல்லாம் வேணும்னே லேட்டா வந்தாங்க. அவனுக்கு வீட்ல பொட்டி கட்டுறதுல நேரமாயிடுச்சி.”

தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டேன். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்ல மாட்டாங்கக்கா. ஒக்காந்தவங்கள எழுப்பக் கூடாதுன்னு அவுங்களுக்குள்ள ஒரு மொற. நான் தூண்டி போடுறவன் இல்ல, அதான் சொல்றேன்.”

திரும்பி வந்து நேராகப் பிரபுவிடம் போய், மீனை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவன் பதறிப்போனான். “ஐயையோ, வேணாங்கா. முள்ளு ஒங்களுது, மீனும் ஒங்களுது.” அப்படியானால் என் கல்லில் வந்து உட்காரச் சொன்னேன். அதற்கும் தலையை ஆட்டினான். ஏறிய தண்ணீர் கடலுக்குத் திரும்ப முக்கால் மணி நேரம்கூட இல்லை. திரும்பிவிட்டால் கொடுவா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

ராஜேந்திரனிடம் என்னதான் செய்வது என்று கேட்டேன். அவர் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார். எழுந்து போகிறவர் கல்லைக் கழுவிவிட்டுப் போக வேண்டும். கழுவினால் அவருக்கு இனி அந்த இடம் வேண்டாம் என்று அர்த்தம், கழுவாவிட்டால் அது இன்னும் அவருடையதுதான். கழுவிய கல் பக்கத்துக் கல்லில் இருப்பவருக்கு. அவர் வேண்டாம் என்று தாண்டிவிடக் கூடாது. உட்கார்ந்து ஒரு தடவையாவது தூண்டிலைப் போட வேண்டும். அவர் கழுவினால் அதற்கடுத்தவருக்கு.

இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினேன். இறால் ஓடு, செதில், என் செருப்பு மண் எல்லாம் போகும்வரை தேய்த்துக் கழுவினேன். பையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி நின்றேன்.

ராஜேந்திரன் எழுந்து வந்து ஈரக் கல்லில் உட்கார்ந்தார். தூண்டிலை வீசினார். ஒரு மூச்சு விடும் நேரம். சுருட்டினார், குனிந்து கல்லைக் கழுவினார், என் பக்கத்தில் வந்து நின்றார். செல்போன் கடைக்காரர் போனார். வீசினார், சுருட்டினார், கழுவினார். அடுத்து வங்கிக்காரர். அவர் கொஞ்சம் பருமன். குனிந்து கழுவ நேரமானது, ஆனாலும் மூலை முடுக்கு விடாமல் கழுவினார். சூரியன் தென்னைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே கல்லில் மனிதர்கள் வந்து வந்து போவதை, தூக்கத்தில் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரபு அசையவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“மொறன்னா மொறதான்டா” என்றார் ராஜேந்திரன். “தாண்டக் கூடாது. வா.”

அவன் வந்தான். உட்கார்ந்தான். வீசினான். ஆற்றில் வேறு ஒரு தூண்டிலும் இல்லை. இருந்த இடத்திலேயே எல்லோரும் நின்றோம். என் வீட்டுக்காரர்கூட எழுந்து வந்து, மூக்கைப் பொத்தாமல் நின்றார்.

எவ்வளவு நேரம் போனதோ, மிதப்பு மூழ்கியது. ராடு வில்லாக வளைந்தது. நடு ஆற்றில் மீன் ஒரு முறை எம்பியது, என் மீனைவிடப் பெரியது, வாயை அகலத் திறந்து தலையை உதறியது. நரம்பு தொய்ந்து காற்றில் ஆடியது. அவ்வளவுதான். அலைவட்டம் விரிந்து விரிந்து கல்லைத் தொட்டு அடங்கியது.

பிரபு தண்ணீரையே பார்த்தான். “இருக்கான்” என்றான். “பெருசா இருக்கான்.”

மறுபடி வீசினான். தண்ணீர் திரும்பும்வரை உட்கார்ந்திருந்தான். மிதப்பு கடல் பக்கம் நகரத் தொடங்கியதும் சுருட்டிக்கொண்டு எழுந்தான். எல்லோருக்கும் கை கொடுத்தான். என்னிடம், “வரேங்கா” என்றான். குனியாமல், கல்லைத் திரும்பிப் பார்க்காமல் மேடேறிப் போனான்.

“கல்ல கழுவாம போறான் பாரு, மறந்துட்டான்” என்றார், அதற்குள் கரைக்கு வந்திருந்த குமார். மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கழுவ யாரும் இறங்கவில்லை.

என் கொடுவாவைக் குமாரிடம் கொடுத்தேன். தூண்டில் போடாதவருக்குத்தான் எந்த முறையும் கிடையாதே. மச்சான் ஊருக்குப் போகும் வீட்டில் அன்றிரவு அது குழம்பானதாகக் கேள்வி.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தை, மாசி நல்ல காலம். தண்ணீர் ஏறும் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி முன்னால் போய்ச் சேருங்கள். உயிர் இறால் கரையோர வீடுகளிலேயே விற்கிறார்கள். தொப்பி, குடிதண்ணீர், பிடிமானமுள்ள செருப்பு அவசியம். பக்கத்தில் யாருக்காவது மீன் மாட்டினால் உங்கள் தூண்டிலை உடனே எடுத்துவிடுங்கள். எழும்போது கல்லைக் கழுவுங்கள்.

போன வாரம் குமாருக்கு போன் செய்து, மழை வந்து வெள்ளம் ஏறினால் அந்தக் கல் தானாகக் கழுவப்பட்டுவிடுமே என்று கேட்டேன். “ஆறு கழுவுனா கணக்குல வராதாம்க்கா” என்றார். ஆகவே நீங்கள் முதலில் போய்ச் சேர்ந்தாலும், கடல் பக்கத்துக் கல் காலியாகத்தான் கிடக்கும். அது காலி இல்லை. இரண்டாவது கல்லில் உட்காருங்கள்.