சின்னப்பன் இறக்கிய தட்டு

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய மழை எட்டு மணிக்கு விட்டிருந்தது. தென்மேற்குக் காற்று மட்டும் ஓயவில்லை.

டெலானிபூர் மேட்டில், முப்பத்திரண்டு படிகளுக்கு மேலிருக்கும் தம் வீட்டு வராந்தாவிலிருந்து சின்னப்பன் கீழே எட்டிப் பார்த்தார். அவருடைய நாய் டுங்கி, கீழ்வீட்டு நல்லதம்பியின் வாசலில் படுத்திருந்தது.

சாத்தம், பேம்பூபிளாட் என்ற இரு தீவுத் துறைகளுக்கிடையே ஓடும் பயணிகள் படகில் இருபத்தொன்பது ஆண்டுகள் கயிறு வீசிக் கட்டியவர் அவர். துறையில் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து, இவ்வூரில் சிறு தோணியைக் குறிக்கும் டுங்கி என்ற பெயரையே அதற்கு இட்டார். சென்ற ஆண்டு இடுப்பெலும்பு முறிந்தபின் அவரால் படியிறங்க முடியவில்லை; மூட்டுத் தேய்ந்த டுங்கியால் ஏற முடியவில்லை. நல்லதம்பி சோறு வைக்கத் தொடங்கினார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சின்னப்பனுக்குப் பொறாமைதான் பொங்கியது. "நம்ம வீட்டு மீன்குழம்புன்னா அதுக்கு உசுரு" என்று நல்லதம்பி ஒருமுறை சொன்னதோடு பேச்சும் நின்றது.

ஒரு வாரமாக, அலுமினியத் தட்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சோற்றை இறக்கிப் பார்த்தார். காற்றில் தட்டு ஆடியது. டுங்கி மிரண்டு ஒதுங்கியது. நல்லதம்பி வந்து தட்டைப் பிடித்தால்தான் தின்றது. என் சோற்றையும் அவன் கையாலேயே தின்கிறதே!

இன்றும் தட்டு சுழன்றது. ஒற்றைக் கயிற்றில் எந்தப் படகு அசையாமல் நின்றிருக்கிறது? மேலிருந்து கீழாக இரண்டு கயிறுகளை இறுகக் கட்டி, தட்டின் இரு கைப்பிடிக் காதுகளையும் அவற்றில் கோத்துவிட்டால் ஆடாது. ஆனால், கீழ்முனையைக் கட்ட ஆள் வேண்டும். இருந்த ஆள் ஒருவன்தான்.

இரண்டு கயிறுகளை வராந்தாத் தூணில் கட்டி, தட்டைக் கோத்து, மறுமுனைகளைக் கீழே எறிந்தார். "நல்லதம்பி! கீழ்ப்படிக் கம்பியில ஒரு முழம் இடைவிட்டு ரெண்டையும் கட்டும்வே."

"அரே பாய்!" என்று இவ்வூர் இந்தியில் அண்ணனை விளித்தார் நல்லதம்பி. "ஆறு மாசம் கழிச்சு வாயத் தொறந்துட்டீரா?"

"முடிச்சு அப்படியில்ல. ரெண்டு சுத்து சுத்தி, அடியில விட்டு இழுத்து இறுக்கும்."

"ஆபீஸ்ல பைல் கட்டுனவன்கிட்ட கப்பல் முடிச்சு கேட்டா எப்படிண்ணே?"

நான்காம் முறை முடிச்சு நின்றது. தட்டு ஆடாமல் இறங்கித் தரையைத் தொட்டது. டுங்கி மோந்து பார்த்தது, நக்கியது, ஒரு பருக்கையும் மீதமின்றித் தின்றது. தலையைத் தூக்கி மேலே பார்த்து வாலாட்டியது. பிறகு நடந்துபோய் நல்லதம்பியின் வாசலிலேயே படுத்துக்கொண்டது.

நல்லதம்பி சிரித்துவிட்டார். "சின்னப்பண்ணே, மறைக்காம சொல்லும். இது என்கிட்ட ஒட்டிக்கிட்டது உமக்குப் பொறாமைதானே?"

சின்னப்பன் காலித் தட்டை மேலே இழுத்தார்.

"ஆமா" என்றார்.