நெட்டி எடுக்காதவர்

அம்பாசமுத்திரத்தில் உடம்பு வலிக்கு எண்ணெய் தடவிவிடும் ஒருவர் இருக்கிறார். அவரைப் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால், கழுத்தை மட்டும் திருப்பமாட்டார். உடம்போடு முழுசாகத் திரும்பி நிற்பார். அகலமான தோள், அதற்குப் பொருந்தாத மெல்லிய விரல்கள். இந்த மனுஷனுக்கு என்ன இவ்வளவு மிடுக்கு என்று நினைத்திருக்கிறேன்.

என் முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி என்று டாக்டர் மாத்திரை தந்திருந்தார். காலையில் கட்டிலைவிட்டு எழுவதற்கே அரைமணி நேரம் ஆகும். நன்றாக அழுத்தி, மூட்டு சொடுக்க நெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பி அவரிடம் போனேன்.

நான் கொண்டுபோன எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நெட்டி எடுக்க மாட்டேன் அண்ணாச்சி. இந்த எலும்ப முறுக்கப்படாது. தோள்லயும் இடுப்புச் சதையிலயும் பைய தடவி விடுதேன்."

"அதுல நோய் போயிருமா?"

"போவாது. ரெண்டு நாள் இறுக்கம் கொறையும். அந்த ரெண்டு நாள்ல நடக்கணும், டாக்டர் சொன்ன பயிற்சியச் செய்யணும். சொகமா இருக்குன்னு படுத்திட்டியன்னா நான் தடவினது வீண். மாத்திரைய மட்டும் நிறுத்திராதிய."

சொன்னபடியே இரண்டு நாள்தான் சுகம் இருந்தது. அந்த இரண்டு நாளும் ஆற்றங்கரை வரை நடந்தேன். பிறகும் அவரிடம் போய்க்கொண்டிருந்தேன்.

போன வாரம் பஸ் நிலையத்தில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். கழுத்து திரும்பவில்லை. உடம்போடு முழுசாகத் திரும்பினேன். அவருடையது மிடுக்கு இல்லை, அவருக்கும் இதே நோய்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் முதுகுக்கு யார் எண்ணெய் தடவுகிறார்கள் என்று கேட்க, இத்தனை நாளில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.