வேரோடு ஒரு மாதிரி

யுத்த காலத்தில், விழுப்புரத்தில், ஒரு பூங்காவைக் கொன்றேன். எந்த விதியையும் மீறாமல், முறைப்படி.

ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் இருந்தது அது. ஒரு கிணறு, இரண்டு சிமெண்ட் பெஞ்சு, வெயிலில் காய்ந்த புல்தரை. மற்றதெல்லாம் ஒரு தோட்டக்காரரின் பிடிவாதம். ஊரார் வயல்களிலேயே உழைத்த குடும்பம் அவருடையது. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. பூங்காவின் மூலையில் குடிசை போட்டு மனைவியோடு இருந்தார். பூங்கா போனால் அவருக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை.

பட்டாளத்து லாரிகளை நிறுத்த அந்த இடம் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. திண்டிவனத்தில் இருந்த மேலதிகாரிக்குச் செடிகள்மேல் கொஞ்சம் பிரியம். பொதுமக்களை வரவழைத்துச் செடிவகைகளை எண்ணிப் பட்டியல் அனுப்புங்கள், வகைகள் நிறைய இருந்தால் லாரிகளுக்கு வேறு இடம் பார்க்கலாம், நேரில் சரிபார்த்து முடிவு சொல்கிறேன் என்று எழுதினார். குமாஸ்தாக்களில் நான் ஒருவன்தான் காலேஜில் தாவரவியல் படித்தவன். ஏற்பாடு என் தலையில் விழுந்தது.

தோட்டக்காரருக்கு விஷயம் புரிந்ததும் திருவாமாத்தூர் வரை நடந்தார். ஆற்றங்கரையிலும் வரப்பிலும் கிடைத்த செடிகளையெல்லாம் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து நட்டார். ஒரு மாதம் நீர் இறைத்ததில் எல்லாம் பிடித்துக்கொண்டன.

இணைப்பு இல்லாத மனு மனுவே அல்ல என்பது என் உத்தியோகத்தின் முதல் பாடம். ஆகையால் நோட்டீஸில் ஒரு வரி சேர்த்தேன்: படிவத்தில் எழுதும் ஒவ்வொரு வகைக்கும் வேர், இலை, பூவுடன் ஒரு மாதிரி இணைக்கப்பட வேண்டும்; இல்லையேல் படிவம் ஏற்கப்படமாட்டாது. எத்தனை பேர் படிவம் வாங்குவார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரே வந்தது. வாத்தியார்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், ரயில்வேக்காரர்கள், கடைக்காரர்கள். தோட்டக்காரர் தலைப்பாகையை வெளுத்துக் கட்டியிருந்தார். ஒவ்வொரு செடியாகக் காட்டிப் பெயர் சொன்னார். பெயரை எழுதிக்கொண்டவர்கள் குனிந்து செடியைப் பிடுங்கினார்கள்.

"சாமி, வேரோட புடுங்கிக்கினு போறாங்களே!" என்று என் மேஜைக்கு ஓடி வந்தார்.

"நோட்டீஸ்ல அப்படித்தான்யா போட்டிருக்கு."

"ஆளுக்கு ஒண்ணு புடுங்கினா இன்னா சாமி மிஞ்சும்?"

வரிசையில் நின்ற மல்லாட்டை வியாபாரி, வேர்க்கடலை மண்டிக்காரர், சிரித்தார். "ஏன்யா பேஜார் பண்றே? மறுபடி நட்டுக்கோ. உனக்கு வேற இன்னா வேலை?" அவருடைய படிவத்தில் கட்டியிருந்ததுதான் பூங்காவில் இருந்த கடைசிக் கீழாநெல்லி. பின்னாலிருந்த ஒருவர், "குமாஸ்தா சாரையும் ஒரு வகைன்னு எழுதிக்கலாமா? வேரோட புடுங்கணுமே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலைக்குள் ஒரு செடியும் மிஞ்சாது என்று பத்து மணிக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நோட்டீஸை மாற்ற எங்கள் அலுவலக மேலாளரின் கையெழுத்து வேண்டும்; அவரும் அன்று திண்டிவனத்தில் முகாம். இதை நான் தோட்டக்காரரிடம் விளக்கமாகச் சொன்னேன்.

"கேட்டையாச்சும் சாத்துங்க சாமி."

கேட்டைச் சாத்துவதற்கு எந்தக் கையெழுத்தும் தேவையில்லை. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அடுத்த படிவத்துக்கு முத்திரை குத்தினேன்.

பட்டியல் அருமையாக அமைந்தது. மூன்று பிரதி எடுத்து, ஒரு மூட்டை மாதிரிகளோடு ரயிலில் திண்டிவனம் போய் நேரில் கொடுத்தேன். அதிகாரி மகிழ்ந்தார். அந்த வாரமே பூங்காவுக்கு வந்தார். குழிகுழியாகக் கிடந்த மண்ணில் அரை வட்டம் நடந்துவிட்டு, "பட்டியல் இருக்கு. தோட்டம் எங்கே?" என்றார். பட்டியலில் கண்டவை ஸ்தலத்தில் காணப்படவில்லை என்று குறிப்பெழுதினார். அதில் தவறு சொல்ல முடியாது. லாரிகளுக்கு அனுமதி கிடைத்தது. தோட்டக்காரர் பதவி தேவையற்றது என்ற உத்தரவை நானே நகல் எடுத்தேன்.

குடிசையைப் பிரித்த அன்று அவர் அலுவலகத்துக்கு வந்தார். சுவரோரம் அடுக்கியிருந்த மீதி மாதிரிக் கட்டுகளைப் பார்த்தபடி நின்றார்.

"சாமி, அதுல ஒண்ணு ரெண்டு வேரு இன்னும் பச்சையா இருக்கும். குடுத்தீங்கன்னா எங்கனா வெச்சிப் பாப்பேன்."

ஃபைலோடு சேர்ந்த இணைப்பு, உத்தரவில்லாமல் வெளியே தர முடியாது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு, வாசலில் மூட்டையோடு நின்ற மனைவியை அழைத்துக்கொண்டு போனார். எந்தப் பக்கம் போனார்கள் என்று நான் எழுந்து பார்க்கவில்லை. கட்டுகளுக்கு வரிசை எண் போட வேண்டியிருந்தது.