எல்லாக் கிழமையும் விரதம்

போன செவ்வாய்க்கிழமை என் மகள் சுதா ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். காலேஜுக்குப் போகிற வழியில். நல்லவேளை, தலையில் அடியில்லை.

ஆரம்பம் வெள்ளிக்கிழமை விரதம்தான். பிறகு செவ்வாய், சனி, சஷ்டி, பிரதோஷம்... ஒரு கட்டத்தில் விரதம் இல்லாத கிழமையே இல்லை. எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அவளுக்கு ஏக மரியாதை. எதிர் வீட்டு லட்சுமி ஒருநாள் சொன்னாள்:

“இன்னாக்கா, உன் பொண்ணைப் பாத்து எம் பொண்ணு கத்துக்கணும். எப்பப் பாரு துன்னுகினே கீறா.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தொளதொளத்துப் போன சுடிதாரைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தவளும் நான்தான்.

விழுந்த அன்று, டிஸ்பென்சரி டாக்டர் பசிக்கு டானிக் தருவார் என்று நினைத்தேன். மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினார். சாப்பிடாத பெண்ணுக்கு மனநல டாக்டர் எதற்கு?

அந்த டாக்டரம்மா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. சுதாவிடம் கேட்டார். “தூக்கம் வருதா? அடிக்கடி அழுகை வருதா? ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வருதா?”

சுதா மெல்லச் சொன்னாள். “உடம்பு பெருத்துட்டே போற மாதிரி இருக்கு, மேடம். அதுவும் இல்லாம... நான் சாப்பிட்டா அன்னைக்கு ஃபேக்டரியில அப்பாவுக்கு ஏதாவது ஆயிடும்னு தோணுது. அப்படியெல்லாம் ஆகாதுன்னு தெரியுது. ஆனா நினைப்பு நிக்க மாட்டேங்குது.”

இதையா பக்தி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்?

“சாப்பிடாதது ஒரு நோய். இந்தப் பயம் இன்னொண்ணு. ரெண்டும் சேர்ந்து வர்றது உண்டும்மா. சோத்தைத் திணிச்சா மட்டும் சரியாகாது. ரெண்டுக்கும் வைத்தியம் பாக்கணும். மாசக்கணக்குல ஆகும்” என்றார் டாக்டர்.

நாம் விசித்திரமானவர்கள். ஒரு பெண் இரண்டாம் தடவை சோறு கேட்டால் ஏற இறங்கப் பார்ப்போம். சாப்பிடாவிட்டால்? கையெடுத்துக் கும்பிடுவோம்.

நேற்று மத்தியானம் சுதா ரசம் சாதம் சாப்பிட்டாள். நாலே நாலு கவளம், அரைமணி நேரம். கை கழுவியதும் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வரும்வரை எழுந்திருக்க மாட்டாளாம். “ஒண்ணும் ஆகாதுடி” என்று தைரியம் சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வேலை முடிகிற சங்கு ஊதியது. ஃபேக்டரி சைக்கிள்கள் வரிசையாக வந்தன. லட்சுமியின் கணவர் வந்துவிட்டார். மாடி வீட்டுக்காரர் வந்துவிட்டார். இவரை மட்டும் காணோம். சுதாவின் கை என் கையை இறுக்கியது. கால்மணி கழித்து வந்தார் — கேரியரில் கீரைக்கட்டோடு, சாவகாசமாக.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... அந்தக் கால்மணி நேரமும், இவள் அந்த நாலு கவளத்தைச் சாப்பிடாமலே இருந்திருக்கலாமோ என்று நானும் நினைத்தேன்.