காற்றில்லாத காலையில் அசைந்த பனி

என் தம்பி றிபாஸ் கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்கு அப்பாலுள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறான். பதினோரு வருடமாயிற்று, வேனில் ஒரு கீறல் கிடையாது. அதே பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்குச் சமைப்பதால், தினமும் அவன் பக்கத்து இருக்கையில்தான் போகிறேன்.

முகிலும் மென்பனியும் மூடுபனியும் ஒரே தண்ணீர்தான் என்பான். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து, நுண்ணிய தூசுகளில் ஒட்டித் துளியாகிறது. உயரத்தில் நின்றால் முகில். நிலத்தோடு கிடந்தால் பனி. மென்பனியையும் மூடுபனியையும் பிரிக்க அவன் வைத்திருக்கும் அளவு மின்கம்பம். வயல் வீதியில் ஐம்பது மீற்றருக்கு ஒன்று நிற்கிறது. இருபதுக்கு மேல் தெரிந்தால் மென்பனி, குறைந்தால் மூடுபனி.

போன ஜனவரியில் ஒரு புதன்கிழமை இரண்டு கம்பம்தான் தெரிந்தது. முந்தின இரவு முகிலே இல்லை. மூடிக்கொள்ளப் போர்வையில்லாமல் நிலத்தின் சூடெல்லாம் மேலே போய், ஈர வயல் சில்லிட்டு, பனி தரையிலேயே உண்டாகியிருந்தது. மதகுக்கு இரண்டு கம்பத் தூரம் இருக்கும்போதே றிபாஸ் வேனை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தான்.

பின்னாலிருந்த பிரதி அதிபர் சாலிஹ் சேர் நேரத்தைப் பார்த்தார். ஏழரைக்கு வரவு இடாப்பில் சிவப்புக் கோடு விழும். பிந்தியவர்கள் அதற்குக் கீழேதான் கையெழுத்திட வேண்டும்.

"என்ன மனே, வேன் படுத்திட்டா?"

"இல்ல சேர். மதகுக்கிட்ட பனி அசையிது."

"அசையாமக் கிடக்க பனியென்ன குளிப்பாட்டி வெச்ச மையித்தா?"

ஆசிரியர்கள் சிரித்தார்கள். றிபாஸ் சிரிக்கவில்லை.

"காத்தடிச்சா இந்தப் பனி நிக்காது சேர். வரம்புல குருவி விரட்டக் கட்டின பொலித்தீன் உறையப் பாருங்க, ஆடல்ல. பனி மட்டும் பிரிஞ்சு மூடுது. உள்ளுக்கு என்னமோ நடக்குது."

"கோட்டுக்குக் கீழ கையெழுத்து வெச்சா நீயா வந்து பதில் சொல்லுவாய்? எடு வண்டிய!"

அவன் சாவியைத் தொடவில்லை. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் இறங்கி, நடுவீதியில் கைகளை விரித்து நின்றான். மீன்பெட்டியோடு வந்த அர்ஷாத் எரிச்சலோடு காலூன்றினான்.

"என்ன றிபாஸ் காக்கா, பனிக்குப் பயமா? மீன் நாறப்போகுது!"

"மெதுவாக் கதை. நீ நாறாம இருந்தாக் காணும்."

வெயில் ஏறியது. நிலம் முதலில் சூடாவதால் மூடுபனி கீழிருந்துதான் கலையத் தொடங்கும். தார் வீதி முழங்கால் உயரத்துக்குத் தெளிந்தது. அங்கே கால்கள் நின்றன. சாம்பல் நிறத்தில், தென்னங்குற்றிகள் போல நான்கு. பிறகு எட்டு. அவற்றுக்கு நடுவே சின்னதாக இன்னும் நான்கு. மேலே உடல்கள் இல்லை, வெள்ளை மட்டும்.

அர்ஷாத் எஞ்சினை நிறுத்தினான். எனக்குப் பின்னால் யாரோ ஓதத் தொடங்கியது கேட்டது.

யானைகள் ஒவ்வொன்றாக வீதியைக் கடந்து இடப்பக்க வயலில் இறங்கின. றிபாஸ் ஏறி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். மணி ஏழு முப்பத்தாறு.

"எடுப்பமா மனே?" சாலிஹ் சேரின் குரல் தாழ்ந்திருந்தது.

"பொறுங்க சேர். வலப்பக்கத்துப் பனி இன்னும் அடங்கல்ல."

"ஓம், ஓம். இரி. கோடு கிடக்கட்டும்."