சித்தி வாசிக்காத பக்கம்

வீட்டில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். வைத்தது அக்கா. பஸ்ஸில் நின்றபடியே தூங்கிவிடுகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்ததோ பதிப்பகத்தில் வேலை! வருகிற நாவல்களை வீட்டிலிருந்தே முழுசாகப் படித்து, எங்கே இழுக்கிறது, எதை வெட்டலாம் என்று சொல்ல வேண்டும். திரையில் நாலு பக்கம் தாண்டினாலே அவள் கண்ணுக்கு எழுத்தெல்லாம் எறும்பாக ஊரும். அதனால் கம்ப்யூட்டரையே வாசிக்க வைத்தாள். எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள். ஒரு பெண்குரல். முத்தமோ கொலையோ, எல்லாம் அதற்கு ஒன்றுதான். கத்தியை ஓங்கிய கையோடு பக்க எண்ணையும் சேர்த்தே சொல்லும்.

அக்கா அந்தக் குரலுக்கும் பெயர் வைத்தாள்.

"ஏண்டி, உன் சித்தி காலையிலேர்ந்து மூச்சே விடலையே?"

"அவங்களுக்கு மூச்சே கிடையாதுக்கா."

"குடுத்துவெச்சவ!"

மதியங்களில் ஜன்னல் திரை உப்பும், அடங்கும். அவள் மேசையில் கன்னம் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். சித்தியின் குரலில் தெருக்கள் வரும், யாரோ அழுவார்கள், மழை பிடித்துக்கொள்ளும். அறை எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது என்பதே அவளுக்கு மறந்துபோகும்.

அப்போதுதான் பல் டாக்டர் ஒருவர் எழுதிய நாவல் வந்தது. ஆற்றங்கரை வீட்டில் மனைவியை இழந்து தனியாக இருக்கும் கிழவரின் கதை. அறுநூறு பக்கம். "அவர் மனசு கோணாம சுருக்கிக் குடுத்தா உனக்கு வேலை நிரந்தரம். கோச்சுக்கிட்டுப் போயிட்டார்னா நீயும் கிளம்பலாம்" என்றார் முதலாளியம்மா.

டாக்டரின் கிளினிக்கில் வேறு இடமில்லை. நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா, எத்தனை பிடுங்கணும்?"

"எதை வேணா எடுத்துடலாம் டாக்டர். அந்தப் படகு வர்ற இடத்தை மட்டும் தொட்டுடாதீங்க!"

"எந்தப் படகு?"

"ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வருதே... படகு மெதுவா வந்து கட்டில் பக்கத்துல நிக்கும். அவர் சம்சாரம் அதுல உக்காந்து தலை துவட்டிட்டிருப்பாங்க. அவரைப் பாத்ததும் ஒண்ணும் பேசாம, கொஞ்சம் நகந்து இடம் விடுவாங்க. நான் அழுதுட்டேன் டாக்டர்."

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். "அப்படி ஒண்ணும் நான் எழுதலையே."

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேறு நாவலோடு குழப்பிக்கொண்டேன் என்று சமாளிக்கலாம். வாய் வரவில்லை.

"தூங்கிட்டேன் டாக்டர். சித்தி பாட்டுக்கு வாசிச்சிட்டே இருந்தாங்க. கனவு போல."

"சித்தியா?"

"கம்ப்யூட்டர்."

அவர் சிரிக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

"எந்த இடத்துல தூங்கின?"

"ஆத்துல தண்ணி ஏறிட்டே இருக்குமே, அங்க."

"அது நாப்பது பக்கம். எழுதுறப்ப எனக்கே ரெண்டு தடவை கண்ணு சொக்குச்சு." மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "போகட்டும், எடுத்துடு." பிறகு, யாரோ ஒட்டுக்கேட்பதைப்போல மெதுவாக, "இடம் விட்டாங்கன்னியே... அவர் ஏறினாரா?"

"தெரியல. அக்கா எழுப்பிட்டா."

"அடப்பாவமே!" வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "கொஞ்சம் இருங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "கண்ண மூடிக்கம்மா. முதல்லேர்ந்து சொல்லு, நான் எழுதிக்கறேன்."

காலால் எதையோ அழுத்தினார். நாற்காலி அவளோடு மெல்லப் பின்னால் சாய்ந்தது.

"முதல்ல தண்ணிச் சத்தம்தான் டாக்டர் வந்துச்சு..."